வேலி தாண்டி விழும் வெளிச்சம்

வேலியோரச் சால்களில் இன்றைக்கும் ஒரு மொட்டு இல்லை. இருக்காது என்று தெரிந்தேதான் தினமும் முதலில் இங்கே வந்து நிற்கிறேன். பூப் பறிக்க வந்தவள் பூ இருக்கிற பக்கம் போக வேண்டும். என் வீட்டுக்காரர் அப்படித்தான் கிணற்றுப் பக்கக் கோடியில் குனிந்து பறித்துக்கொண்டிருக்கிறார், மப்ளர் சுற்றிய தலை மட்டும் மஞ்சள் பூவுக்கு மேலே தெரிகிறது. நான்தான் மடியைக் கட்டிக்கொண்டு பூ இல்லாத இடத்துக்கு வந்து, இலையை விலக்கி விலக்கி நுனியைப் பார்க்கிறேன். நுனியில் கொழுந்து. அதற்குக் கீழே கிளை, கிளை நுனியிலும் கொழுந்து. செடி இடுப்பு உயரம் வந்துவிட்டது. தண்டு விரல் பருமன், இலை கரும்பச்சை, பனி முத்து முத்தாக நிற்கிறது. வழியில் போகிறவர்கள் பார்த்தால் என்ன உரம் போட்டாய் மாதம்மா என்று கேட்பார்கள். உரம் நான் போடவில்லை. வெளிச்சம் போட்டது. அதுவும் என் வெளிச்சம் இல்லை, ஹேமாவதியின் வெளிச்சம். ஹேமாவதி என் ஓரகத்தி, இவருடைய தம்பி கோவிந்தராஜின் பெண்டாட்டி. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு நிற்கிறதே, அந்தப் பாலிஹவுஸ் அவர்களுடையது. இருட்டினதும் உள்ளே வரிசை வரிசையாகச் சிவப்பு விளக்கு எரியும், நான் பாயை விரிக்கிற வரைக்கும் எரியும். அந்தச் சிவப்பு பிளாஸ்டிக்கோடு நிற்பதில்லை. வேலியைத் தாண்டி என் சாமந்தி மேலும் விழுகிறது. சாமந்திக்கு இருட்டு வேண்டுமாம், நீளமான இரவு வேண்டுமாம், இரவு நீண்டால்தான் அதற்கு மொட்டு வைக்கத் தோன்றுமாம். நடுவில் சிவப்பு விளக்கு எரிந்தால் இன்னும் பகல் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு வளர்ந்துகொண்டே போகுமாம். இதெல்லாம் எனக்கு யார் சொன்னது என்றால் என் மகள் சொன்னது. என் மகளுக்கு யார் சொன்னது என்றால், அதைத்தான் அவள் எப்போதும் முதலிலேயே சொல்லிவிடுவாளே. சித்தி சொன்னாங்கம்மா.

சித்தி சொன்னாங்க. இந்த இரண்டு வார்த்தையும் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு அங்கேயேதான் போகிறது. நான் இரண்டாவது சாலுக்கு வந்துவிட்டேன், இங்கேயும் ஒன்றும் இல்லை. நான்கு சால் தாண்டினால் ஒன்றிரண்டு மொட்டு, பச்சையாக, மிளகு போல. அதற்கு அப்பால் அரைகுறையாக மலர்ந்தது. கிணற்றுப் பக்கம் போகப் போகத்தான் மஞ்சள். வெளிச்சம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தரையில் கோடு போட்டுக் காட்டினது மாதிரி இருக்கிறது. நான் மண்டியில் எடை போடும்போது பக்கத்தில் நிற்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், என் ஓரகத்தி விளக்கு போட்டு என் பூவைக் கெடுத்துவிட்டாள் என்று. கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அந்த உச்சு எனக்கு இனிப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதும் அந்த இனிப்பு இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், எனக்கு அந்தப் பூக்காத சால்கள் வேண்டியிருக்கிறது. ஹேமாவதி மேல் எனக்கு இருக்கிற ஒரே நியாயமான குறை அதுதான். மற்றதை எல்லாம் வெளியில் எடுத்து வைத்தால் ஊரில் ஒருத்தரும் குறை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உன் மகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாளா, நல்லதுதானே என்பார்கள். உன் மகள் தலையை வாரி விடுகிறாளா, நல்லதுதானே. நல்லதுதானே, நல்லதுதானே. இவரும் அதையேதான் சொல்வார். விடு மாதம்மா, அவ நல்லதுக்குத்தானே செய்யறா. நல்லது செய்கிறவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நிலம் பிரித்தபோது வேலி போட்டது இவர்கள் அப்பா. அப்போது கோவிந்தராஜுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனபிறகு ஓசூரிலிருந்து வந்தாள், காலேஜ் படித்தவள், செடியைப் பற்றியே படித்தவளாம். வந்த வருஷமே பாலிஹவுஸ், உள்ளே அவர்களும் சாமந்திதான். முதலில் குண்டு பல்பு போட்டார்கள், மஞ்சள் வெளிச்சம். அந்த வருஷம் என் வேலியோரச் செடி வேறு மாதிரி இருந்தது. நரம்பு மாதிரி நீண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு, காற்று அடித்தால் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தது. பிறகு கம்பெனிக்காரன் வந்து குண்டு பல்பையெல்லாம் கழற்றிவிட்டு இந்தச் சிவப்பு விளக்கைப் போட்டான், கரண்டும் குறைவு என்றான். உடனே என் செடியும் மாறிவிட்டது. குட்டையாக, தடியாக, கணு நெருங்கி, இலை அகலமாக. ஒரு மூலையில் மட்டும் சோதித்துப் பார்ப்பதற்காக நீல விளக்கு மாட்டினார்களாம், அதன் கீழே இருந்த செடி நீலத்தைச் சட்டையே பண்ணாமல் மொட்டு வைத்துவிட்டதாம். அதை வந்து சொன்ன அன்றைக்கு லாவண்யாவின் முகம் இருந்ததே. பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றவில்லை, அடுப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, ஒரே செடிம்மா, ஒரே மண்ணு, தண்ணிகூட ஒரே குழாய்தான், ராத்திரி விழற வெளிச்சத்தோட கலர் மாறினா செடியே வேற மாதிரி ஆயிடுது, செடிக்குக் கண்ணு இல்லம்மா ஆனா சிவப்பு எது நீலம் எதுன்னு அதுக்குத் தெரியுது, என்றாள். கண் இரண்டும் அப்படி மின்னியது. நான் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். நிலா வெளிச்சமுந்தானே ராத்திரி விழுது, அது ஒண்ணும் பண்ணலையே என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன், அவளிடம் பதில் இருக்கக் கூடாது என்று. அவள் சிரித்தாள். நானும் அதையேதான்மா கேட்டேன், நிலா பத்தாதாம், ரொம்பக் கம்மியாம். யாரிடம் கேட்டாள் என்று சொல்லவில்லை. சித்தி பேரைச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கும் அவளுக்கும் ஒரே கேள்வி தோன்றியிருக்கிறது பார் என்று ஒரு நொடி சந்தோஷம் வந்தது. அடுத்த நொடி, அவள் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை என்பது வந்தது. புளி கையில் வழிந்துகொண்டே இருந்தது.

மடியில் பூ சேரத் தொடங்கிவிட்டது. ஐந்தாவது சாலிலிருந்து கொஞ்சம் தேறுகிறது. கை தானாகப் பறிக்கும், கட்டைவிரல் நகம் காம்பில் பட்டதும் கிள்ளிக்கொள்ளும், அதை நான் யோசிக்க வேண்டியதில்லை. அதனால்தான் மற்றதெல்லாம் யோசிக்கிறேன். கொஞ்ச நாளாக லாவண்யா ஆக்சுவலா என்கிறாள். எதற்கெடுத்தாலும் ஆக்சுவலா. ஹேமாவதி அப்படித்தான் பேசுவாள். அவள் மாதிரியே சுடிதார் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்கிறாள். அவள் மாதிரியே சிரிக்கும்போது புறங்கையால் வாயை மூடுகிறாள், பல் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மூட வேண்டும். சாயங்காலம் அங்கே போய்விட்டு வந்தால் அவள் மேல் வேறு சோப்பு வாசனை அடிக்கிறது. சாப்பிட வா என்றால் பசிக்கலம்மா. சித்தி வீட்டில் தக்காளி சாதம். நான் தக்காளி சாதம் செய்தால் ஓரமாக ஒதுக்குவாள், அங்கே நெய் விட்டுச் சாப்பிடுகிறாள். அவளுக்குப் போட்ட தட்டை நானே வைத்துக்கொண்டு சாப்பிட்ட நாட்கள் உண்டு. இத்தனைக்கும் ஹேமாவதிக்குச் சொந்தமாக ஒரு பெண் குழந்தை இருக்கிறது, இப்போதுதான் நடை பழகுகிறது, கொழுகொழுவென்று. அது இல்லாமல் இருந்தாலாவது பாவம், ஏங்குகிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம். தன்னுடையதும் இருக்க, என்னுடையதும் வேண்டுமா. வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லையே, இவள்தானே ஓடுகிறாள். அப்படியானால் கோபம் யார் மேல். நான் ஒரு தடவை லாவண்யாவிடம் சொன்னேன், அந்தச் சிவப்பு வெளிச்சத்திலேயே நின்னா கண்ணு கெட்டுப்போகும், நெறமும் கறுத்துப்போகும் என்று. வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் அதை அங்கே போய்ச் சொல்ல, ஹேமாவதி சிரிக்காமல், அம்மா சொல்றது ஒரு வகையில சரிதான், எரியற விளக்கை நேரா பார்க்கக் கூடாது என்றாளாம். என் பொய்யைக்கூட அவள் சரியாக்கித் திருப்பி அனுப்பினாள். ஒரு சண்டைக்குக்கூட வழி விடாதவளோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது.

இது எல்லாம் ஒரு பக்கம். நான் போகாத பக்கம் ஒன்று இருக்கிறது. போகக் கூடாது என்று வேறு எதையாவது பறித்துக்கொண்டே வருவேன், கடைசியில் கால் அங்கேயே போய் நிற்கும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாசி மாதம். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. லாவண்யா மத்தியானமே பாலிஹவுஸுக்குப் போய்விட்டாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், துணி துவைத்தேன், அரிசி களைந்தேன். பொழுது சாய்ந்தபிறகு அவள் வந்தாள், கூடவே ஹேமாவதியும் வந்தாள். ஹேமாவதி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, அக்கா, நல்ல விஷயந்தான், பயப்படாதீங்க, லாவண்யா பெரிய மனுஷி ஆயிட்டா என்றாள். மத்தியானமே ஆகியிருக்கிறது. அழுதிருக்கிறாள். ஹேமாவதி குளிக்க வைத்து, தன் துணியைக் கொடுத்து, எப்படி என்ன என்று எல்லாம் சொல்லிக்கொடுத்து, ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்து, மடியில் படுக்க வைத்து, தூங்கி எழுந்தபிறகு கூட்டிவந்திருக்கிறாள். தூங்கினா, எழுப்ப மனசு வரல அக்கா என்றாள். நான் அரிசி களைந்த நேரம் என் மகள் அங்கே தூங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். என் பேரைச் சொல்லி வேலியோரம் வந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் நான் களைந்த அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருப்பேன். பிறகு சடங்கு செய்தோம், அண்ணன் வந்து சீர் வைத்தான், ஊரே வந்தது, எல்லாரும் என்னைத்தான் அம்மா அம்மா என்று முன்னால் நிறுத்தினார்கள். நான் நின்றேன். மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது லாவண்யா தலையைத் திருப்பிப் பார்த்தாள். என்னைத் தாண்டிப் பார்த்தாள். பின்னால் யார் நின்றிருந்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரியும். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நல்லதுதானே என்பார்கள், தெரிந்தவள் பக்கத்தில் இருந்தாளே என்பார்கள். நகம் காம்பில் படாமல் பூவில் பட்டுவிட்டது, இதழ் பிய்ந்துவிட்டது. பரவாயில்லை, மடிக்குள் போட்டுக்கொள்கிறேன், எடைக்கு ஆகும்.

இப்போது ஓசூர். லாவண்யா பத்தாவது. ஜூனில் பதினொன்று. இங்கே இருக்கிற பள்ளிக்கூடத்தில் அவள் கேட்கிற பாடப்பிரிவு இல்லை, ஓசூரில் இருக்கிறது. தங்குவதற்கு ஹேமாவதியின் அம்மா வீடு, மாடி ரூம் காலியாக இருக்கிறது. இவர் சரி என்றுவிட்டார். கோவிந்தராஜ் சரி என்றுவிட்டான். என்னிடம் கேட்டபோது பார்க்கலாம் என்றேன். அன்றிலிருந்து அந்தப் பார்க்கலாம் என்கிற ஒரு வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அது இருக்கிறவரை என்னை அவர்கள் கேட்டாக வேண்டும். சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்னைக் கேட்க ஒன்றும் இருக்காது. தாய்ச்செடி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் அங்கே, வேலிப்பக்கத்துப் பாத்தியில், அதனால்தான் இந்தப் பக்கம் வருஷம் பூராவும் வெளிச்சம். பூக்கவே விடாமல் வளர்த்து, கொழுந்து கொழுந்தாக வெட்டி வேறு இடத்தில் நடுவதற்கு. லாவண்யா ஒரு நாள் என் வேலியோரச் சால்களைப் பார்த்துவிட்டு, இதையும் அப்படி வெச்சுக்கலாம்மா, கொழுந்து வெட்டி நாத்துக்குக் குடுக்கலாம், வாங்கறதுக்கு ஆள் இருக்கு என்றாள். சரியான யோசனைதான். எனக்கும் அது சரி என்று தெரிந்தது. போடி உன் வேலையைப் பார்த்துக்கிட்டு என்றேன். அவள் போனாள். போகும்போது கம்பி வேலியின் மேல் கையை ஓட்டிக்கொண்டே போனாள், சின்ன வயதில் சுவரில் கையை ஓட்டிக்கொண்டு போவாளே அந்த மாதிரி. கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

ஆறாவது சாலை முடித்துவிட்டு மறுபடியும் வேலியோரத்துக்கே வந்து நிற்கிறேன். யாரோ வேலி ஓரம் வருகிற சத்தம். ஈரப் புல்லில் செருப்பு. திரும்பாமலே தெரிகிறது, அவள்தான். நைட்டி மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இடுப்பில் குழந்தை, குழந்தை கையில் ஒரு பிஸ்கட். நான் பூப் பறிப்பதை நிறுத்தவில்லை. இந்தச் சாலில் பறிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பறிக்கிற மாதிரி இருக்கிறேன்.

"அக்கா."

"ம்."

"எழுந்ததுமே வந்துட்டீங்களா. பனி எப்படி இருக்கு பாருங்க, தலைக்குத் துணிகூடக் கட்டல."

"பழக்கந்தானே."

"அக்கா, உங்க பூ விஷயம். எங்களுக்குத் தெரியவே இல்ல. லாவண்யாதான் நேத்து சொன்னா, நாலஞ்சு சால் போச்சு சித்தின்னு. வந்து பார்த்திருக்கணும், தப்புதான்."

தப்புதான் என்கிறாள். அவ்வளவு சுலபமாக. நான் இத்தனை நாளாக மூட்டை கட்டி வைத்திருந்ததை இவள் வந்து முடிச்சை அவிழ்த்து இந்தா என்று காலடியில் வைக்கிறாள். லாவண்யா சொன்னாளாம். எனக்காகப் போய்ப் பேசினாளா, அல்லது அம்மா மண்டியில் எல்லாரிடமும் சொல்கிறாள் என்று சொன்னாளா. எது சொல்லியிருந்தாலும் அங்கே போய்த்தான் சொல்லியிருக்கிறாள்.

"இருட்டுத் துணி இருக்கு அக்கா, பூ எடுக்கறதுக்கு மேல போர்த்துவோமே, அந்தக் கறுப்புத் துணி. ஒரு சுருள் மிச்சம் இருக்கு. இந்தப் பக்கம் முழுக்கக் கட்டிடச் சொல்றேன், இன்னைக்கே ஆள் வருது. ஒரு பொட்டு வெளிச்சம் இந்தப் பக்கம் வராது. இப்பக்கூட லேட் ஆகல, இருட்டு கிடைச்சா கொஞ்ச நாள்ல மொட்டு வெச்சிடும், பொங்கலுக்கு உங்களுக்குப் பூ கிடைச்சிடும்."

நல்லதுதானே. கறுப்புத் துணி. மேலிருந்து கீழே வரைக்கும். நான் நிமிர்ந்து பாலிஹவுஸைப் பார்த்தேன். காலை வெயில் இன்னும் வரவில்லை, பிளாஸ்டிக் பால் மாதிரி இருந்தது. அதன் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கறுப்பு. இனி மண்டியில் சொல்ல ஒன்றும் இருக்காது. முதலில் தோன்றியது அதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன். அது தோன்றிப் போனபிறகு, அதற்குக் கீழே வேறு ஒன்று இருந்தது. என்னவென்று தெரிவதற்கு முன்னால் வாய் பேசிவிட்டது.

"வேணாம்."

"என்னக்கா?"

"துணி கட்ட வேணாம் ஹேமா. இருக்கட்டும்."

"செலவெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, துணி சும்மாதான் கெடக்கு."

"செலவுக்கு இல்ல. வேணாம்னா விடேன்."

"பூ வராதே அக்கா."

"வராட்டிப் போகுது."

அவள் என்னையே பார்த்தாள். முதல் தடவையாக அவளுக்கு ஒன்று புரியவில்லை. எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது. குழந்தை பிஸ்கட்டை வேலிக்கு இந்தப் பக்கம் நீட்டியது, எனக்குத்தான். ஈரமான, பாதி கரைந்த பிஸ்கட். வாங்கிக்கொண்டேன், அதன் மேல் எனக்கு என்ன கோபம். ஹேமாவதி ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஓசூர் விஷயத்தைத்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சரிக்கா, உங்க இஷ்டம், என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவளுக்கும் நான் ஒரு கஷ்டம்தான் போலிருக்கிறது. காலையில் எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, என்ன பேசுவது எப்படிப் பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்திருப்பாள். தலைகூடப் பின்னாமல் வந்திருந்தாள். அதை இப்போதுதான் பார்க்கிறேன், அவள் முதுகைக் காட்டிப் போகும்போது. பார்த்ததால் ஒன்றும் மாறிவிடவில்லை. எரிச்சல் எரிச்சலாகத்தான் இருக்கிறது. முடி எவ்வளவு நீளம் பார் என்றுதான் தோன்றுகிறது.

ஏன் வேண்டாம் என்றேன். ஏழாவது சாலுக்குப் போய்க் குனிந்துகொண்டு என்னையே கேட்டுக்கொள்கிறேன். இவரிடம் போய்ச் சொன்னால் உனக்குப் பைத்தியமா என்பார், இத்தனை நாள் அழுதது எதுக்கு என்பார். நியாயம்தான். ஒரு சின்ன நாத்துச்செடி பிடுங்கினால் கிழங்கு மாதிரி நீளமாக வேர் வரும் சில சமயம், அந்த மாதிரி இந்த வேண்டாம் எங்கிருந்தோ நீளமாக வருகிறது. பூவுக்காக இல்லை, குறை சொல்லும் சுகத்துக்காகவும் இல்லை. அந்தத் துணி. அந்தக் கறுப்பு. இழுத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது, கை சும்மா பறித்துக்கொண்டிருக்கிறது, இங்கே பூ நன்றாக வந்திருக்கிறது, மடி கனக்கிறது.

"ம்மா."

லாவண்யா வரப்பில் நிற்கிறாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஒரு பக்கம் பின்னி ரிப்பன் கட்டியிருக்கிறாள், இன்னொரு பக்கம் அவிழ்ந்து கிடக்கிறது. கையில் டீ பிளாஸ்க். அங்கே இருந்து வரவில்லை, நம் வீட்டிலிருந்துதான் வருகிறாள். எப்போதிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள் என்று தெரியவில்லை.

"அப்பாவுக்குக் குடு முதல்ல."

"குடுத்துட்டேன்."

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. நான் குடித்து முடிக்கிறவரை அவள் வேலியோரச் சால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி துணி கட்டறேன்னு சொன்னாங்கள்ல."

"சொன்னா."

"நீ வேணாம்னியாமே. வழியில பார்த்தேன், என்ன ஆச்சு உங்கம்மாவுக்குன்னு கேட்டாங்க. நான்தான்மா அவங்க கிட்ட நேத்து சண்டை மாதிரி போட்டேன். எங்கம்மா செடிக்கு ராத்திரியே கிடைக்கல, நீங்க மட்டும் வெளிச்சம் போட்டுக்கிட்டா எப்படின்னு கேட்டேன். இப்ப நீயே வேணாம்னா எப்படி."

எங்கம்மா செடி. டம்ளரை அவளிடம் கொடுக்க நீட்டினேன், நீட்டிய கை அப்படியே நின்றது. சண்டை மாதிரி போட்டாளாம். அவளிடம். எனக்காக. அதை நினைத்துச் சந்தோஷப்படலாம் என்றால் பக்கத்திலேயே இன்னொன்று வந்து நிற்கிறது, சண்டை போடுகிற அளவுக்கு அங்கே உரிமை இருக்கிறது, என்னோடு சண்டை போடுவதில்லை, என் பக்கத்திலிருந்து எழுந்து போய்விடுகிறாள். இந்த மனசுக்கு எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு பூச்சி கண்டுபிடிக்கிறது.

"சொல்லும்மா. ஏன் வேணாம்?"

சும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த அவிழ்ந்த பக்கத்து முடி காற்றில் அவள் வாயில் வந்து விழுந்தது, அவள் அதை ஒதுக்கினாள், புறங்கையால் இல்லை, விரலால், நான் ஒதுக்குகிற மாதிரி. வேர் அப்போது வெளியே வந்துவிட்டது.

"சாயங்காலம் நீ அங்க போனா, உள்ள நடக்கறது நம்ம வீட்டுலேருந்து தெரியும்" என்றேன். "அந்தச் சிவப்புல. நெழல் மாதிரி. நீ குனியறது, குழந்தையைத் தூக்கறது, எல்லாம் தெரியும். சமையக்கட்டு ஜன்னல்லேருந்து பார்ப்பேன். துணி கட்டினா தெரியாது."

சொன்னபிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. குனிந்து பூப் பறிக்க ஆரம்பித்தேன். இப்படி ஒருத்தி ஜன்னலோரம் நிற்பாளா, கூட்டுக்குழம்பு அடிப்பிடிக்க விட்டுவிட்டு. அவள் பிளாஸ்கை வரப்பில் வைத்துவிட்டு, துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு, எனக்குப் பக்கத்துச் சாலில் இறங்கினாள். யூனிஃபார்ம் நனையும்டி என்றேன். கேட்கவில்லை. பறித்தாள். கை வேகமாக வருகிறது அவளுக்கு, நகம் காம்பில் பட்டதும் பூ மடியில் விழுகிறது. நான் சொல்லிக்கொடுத்ததில்லை, பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் சாலின் பாதிக்கு வந்துவிட்டோம்.

"ஜூன் வரைக்கும் அந்த வெளிச்சம் அப்படியே இருக்கட்டும்" என்றேன், அவளைப் பார்க்காமல். "அப்புறம் வேணா துணி கட்டிக்கச் சொல்லு. அதுவரைக்கும் அந்தச் சாலை நீ சொன்ன மாதிரி நாத்துக்கு வெட்டிக்கலாம்."

அவள் கை நின்றது.

"ஜூன் வரைக்கும்னா? அப்ப ஓசூர்..."

"போய்ப் படி. நான் என்ன வேணாம்னா சொன்னேன்."

பனி விலகிக்கொண்டிருந்தது. இவர் கோடியிலிருந்து, வண்டி வந்திரும், மூட்டை கட்டணும் என்று குரல் கொடுத்தார். லாவண்யா மூக்கை உறிஞ்சினாள், பனியாலா என்னவோ. மடியிலிருந்த பூவை என் மடியில் கொட்டினாள். கொட்டிவிட்டு நகராமல் நின்றாள்.

"ஜன்னல்லேருந்து நான்னு தெரியுமா? வேற யாராவது நடந்தா?"

"நடையை வெச்சுத் தெரியும்."

"கை ஆட்டினா தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இன்னைக்குப் போனதும் ஆட்டறேன்" என்றாள். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வரப்பில் நாலடி போனவள் திரும்பினாள். "சித்தியையும் ஆட்டச் சொல்றேன்."

"அவ ஒண்ணும் ஆட்ட வேணாம்" என்றேன்.